வன்னிக் கடற்கரை ஆண்டுக்கு எவ்வளவு நகர்கிறது?

கரைக்கோடு பல தசாப்தங்களாக நிலத்தின் பக்கம் பின்வாங்கிக்கொண்டே போவதுதான் கரையரிப்பு. மார்கழியில் ஒரு புயல் ஒரே இரவில் பத்து மீற்றர் அகலத்துக்கு மணலை வாரிக்கொண்டு போய், பங்குனி தொடங்கி அந்த மணல் மெல்லத் திரும்பி வந்து சேர்ந்தால் அது அரிப்பு அல்ல; கரையின் வழமையான ஆண்டுச் சுழற்சி. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். வீழ்ந்த தென்னையும் வேர் தெரியும் தாழையும் இரண்டுக்கும் சாட்சி சொல்லும். ஆகவே கரையோர முகாமைத்துவத்துக்கு ஒரு குறித்த நாளில் கடல் எங்கே நிற்கிறது என்பதைவிட, நீண்ட காலத்தில் அது ஆண்டுக்கு எத்தனை மீற்றர் நகர்கிறது என்பதும், அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதும்தான் தேவை. இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்ட அறிக்கைகள் ஏராளம்.

இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பின் மாவட்டங்களுள் வவுனியாவுக்குக் கடல் இல்லை. கிளிநொச்சிக்கு மேற்கே பூநகரிப் பக்கம் ஆழமற்ற, அலை குறைந்த கடல் உண்டு. வங்காள விரிகுடாவை நேரே எதிர்கொள்வது முல்லைத்தீவு மாவட்டம். வடக்கே சுண்டிக்குளத்திலிருந்து தெற்கே கொக்கிளாய் வரை ஏறத்தாழ 70 கிலோமீற்றர் நீளமான இந்தக் கரை வடகிழக்கை நோக்கி நிற்கிறது. சாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், முல்லைத்தீவு நகர், அளம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய் என்று ஊர்கள் வரிசையாக வருகின்றன. வரைபடத்தில் நீண்ட நேர்கோடாகத் தோன்றினாலும் இதன் பெரும்பகுதி ஒரு மணல் தடுப்புத்தான்: முன்னால் கடல், பின்னால் களப்பு. சுண்டிக்குளம், சாலை, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் ஆகிய களப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக இக்கரையின் முதுகில் கிடக்கின்றன. பாறைக் கரையைப்போல இது ஓரிடத்தில் நிற்பதில்லை. மணல் வரவுக்கும் செலவுக்கும் ஏற்ப முன்னும் பின்னும் நகர்வதே இதன் இயல்பு.

மணலின் வரவும் செலவும்

கரைக்கு மணல் மூன்று வழிகளில் வரும்: ஆறுகள் கொண்டுவருவது, பக்கத்துக் கரையிலிருந்து நீரோட்டம் கொண்டுவருவது, கடலடியிலிருந்து அலை ஏற்றுவது. கடலில்லாத வவுனியா இந்தக் கணக்கில் நுழைவது முதல் வழியால்தான். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி, கிளிநொச்சியின் இரணைமடுவைக் கடந்து, சுண்டிக்குளக் களப்பை நோக்கிப் போகிறது. பேராறு வவுனியா வடக்கிலிருந்து வந்து நந்திக்கடலில் விழுகிறது. கொக்கிளாய்க் களப்புக்கு மா ஓயா நீர் தருகிறது. இவை எல்லாம் மாரிகாலத்தில் பெருகி, கோடையில் வற்றும் சிற்றாறுகள். கொண்டுவரும் மணலின் பெரும்பங்கு வழியிலுள்ள குளங்களிலும் பின்னர் களப்புகளிலும் படிந்துவிடுகிறது. இரணைமடுக் குளமும் முத்தையன்கட்டுக் குளமும் வயலுக்கு நீர் காக்கும்போதே மணலையும் பிடித்துவைக்கின்றன. ஆற்றுப்படுக்கையில் கட்டட வேலைக்கு மணல் அள்ளும்போதும் இதே வரவுதான் குறைகிறது. அதன் விளைவு கரையில் தெரியப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் காரணத்தையும் விளைவையும் எவரும் எளிதில் இணைத்துப் பார்ப்பதில்லை.

இரண்டாவது வழி காற்றைப் பொறுத்தது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகும். மார்கழி முதல் மாசி வரை வாடைக்காற்று வீசும். அப்போது அலை உயர்ந்து, சரிவான கோணத்தில் கரையில் மோதி, மணலைக் கரை நெடுகத் தெற்கே தள்ளும். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுவதால் முல்லைத்தீவுக் கடல் அடங்கிக் கிடக்கும். ஆனாலும் தென்கிழக்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் மணலை மெதுவாக வடக்கே நகர்த்தும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே ஆண்டின் நிகர நகர்வு. பெரிய இரண்டு எண்களின் சிறிய வித்தியாசம் என்பதால் அது ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில ஆண்டுகளில் திசையே மாறலாம்.

கரை தேய்ந்ததற்கு மணலே ஓர் அடையாளம் வைத்துவிட்டுப் போவதுண்டு. கொக்கிளாய்க்குத் தெற்கே, திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டையில், இல்மனைற்று, ரூற்றைல், சேர்கோன் முதலிய கனியங்கள் செறிந்த கருமணல் கிடக்கிறது. வெண்மணலான குவாட்சின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைற்றின் அடர்த்தி ஏறக்குறைய 4.7. வலிய அலை இலேசான குவாட்சை எடுத்துச் செல்ல, பாரமான கருமணி அங்கேயே தங்கிவிடும். ஆகவே கரையை வெட்டிப் பார்க்கும்போது வெண்மணலுக்கு இடையில் தெரியும் ஒவ்வொரு கருந்தகடும் அலை மணலைத் தின்ற ஒரு பருவத்தின் பதிவாக இருக்கலாம். புல்மோட்டையில் அகழப்படும் படிவை வாடைக்காலம் ஓரளவு மீள நிரப்புகிறது என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. ஆனால் நிரம்புவது எங்கிருந்து வந்த மணல், அது வராமல்போன இடம் எது என்ற கேள்வி அதோடு சேர்ந்தே எழுகிறது.

எந்தக் கோட்டை அளப்பது?

கடலும் கரையும் சந்திக்கும் இடம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதால், அளப்பவர் முதலில் ஓர் அடையாளக் கோட்டைத் தெரிவுசெய்துகொள்ள வேண்டும். ஈர மணலும் காய்ந்த மணலும் பிரியும் கோடு, உயர்நீர்க்கோடு, மணற்றிட்டியின் அடி, அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் தொடங்கும் தாவர விளிம்பு என்று பல தெரிவுகள் உண்டு. தாவர விளிம்பு சிறு அலைகளுக்கு அசையாது. அதனால் நீண்டகாலப் போக்கை நன்றாகக் காட்டும். ஆனால் புயலுக்குப் பின் மீள வளரச் சில ஆண்டுகள் பிடிக்கும். நீர்க்கோட்டைச் செய்மதிப் படத்தில் காண்பது எளிது, எனினும் அது வற்றுப்பெருக்கோடு ஆடும். இலங்கையைச் சுற்றி வற்றுப்பெருக்கின் வீச்சு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பது அளப்பவருக்கு வாய்த்த நல்ல காலம். 0.6 மீற்றர் ஏற்றத்தாழ்வு, பத்துக்கு ஒன்று என்ற சரிவுள்ள கரையில் கோட்டை 6 மீற்றர் மட்டுமே நகர்த்தும். பல மீற்றர் வீச்சுள்ள காம்பே வளைகுடாவில் இதே முறை படுதோல்வி அடையும். எந்தக் கோட்டைத் தெரிவுசெய்தாலும் எல்லா ஆண்டுகளிலும் அதையே தொடர வேண்டும். 1956ஆம் ஆண்டின் தாவர விளிம்பை 2020ஆம் ஆண்டின் நீர்க்கோட்டோடு ஒப்பிட்டால், அசையாத கரையும் கடலை நோக்கி வளர்ந்ததாகக் கணக்கு வரும்.

பழைய சான்றுகள்

நீண்டகாலம் என்றால் குறைந்தது முப்பது ஆண்டுகளாவது வேண்டும். நில அளவைத் திணைக்களத்தின் ஓர் அங்குல வரைபடங்கள் மிகப் பழையவை. ஆனால் அவற்றின் அளவுத்திட்டம் 1:63,360. தாளில் 0.3 மில்லிமீற்றர் தடிப்பான மைக்கோடே நிலத்தில் 19 மீற்றரை மூடிவிடும். கரை எந்தப் பக்கம் வளைந்தது, களப்பு கடலோடு சேரும் எந்தத் தொடுவாய் எங்கே இருந்தது என்பதை அறிய அவை உதவும். ஆண்டு வீதத்துக்கு உதவா. கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவின் உதவியோடு 1956இல் எடுக்கப்பட்ட வான்படங்கள் மிக மேலானவை. 1:40,000 அளவில் எடுக்கப்பட்டிருந்தாலும், அவற்றில் பனைவடலியின் ஓரமும் கரைமேட்டின் நிழலும் தெளிவாகத் தெரியும். வரைபடம் வரைஞரின் தீர்மானம். வான்படத்திலோ அளப்பவரே தீர்மானிக்கலாம்.

பழைய படத்தை இன்றைய ஆள்கூற்றில் பொருத்த, இரண்டிலும் இருக்கின்ற, இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். வேறிடங்களில் தேவாலயமும் சந்தியும் பாடசாலையும் இதற்குப் போதும். முல்லைத்தீவுக் கரையில் அப்படியல்ல. 2004 மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை நகரையும் கரையோர ஊர்களையும் துடைத்தெடுத்தது. அதில் தப்பியவற்றுள் பெரும்பாலானவை 2009இல் முடிந்த போரில் அழிந்தன. வீதிகளின் தடமும் சில இடங்களில் மாறிவிட்டது. இங்கே நம்பத்தக்கவை சற்று உள்ளே இருக்கும் குளக்கட்டுகளும் மதகுகளுமே. பல தலைமுறை பழைய ஒரு குளக்கட்டின் வளைவு 1956இலும் இன்றும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் கிடக்கும். வயலுக்கென்று கட்டியது கடலை அளக்கவும் பயன்படுகிறது.

போரின் விளைவு அடையாளங்களோடு நிற்கவில்லை. முல்லைத்தீவின் கரை ஏறத்தாழ இரண்டு தசாப்தங்கள் அரச அளவையாளர் கால் வைக்க முடியாத இடமாக இருந்தது. போர் முடிந்தபின் கண்ணிவெடி அகற்றும்வரை பல பகுதிகள் மூடப்பட்டிருந்தன. மேற்கு, தென்மேற்குக் கரைகளில் அந்த ஆண்டுகளில்தான் அரிப்பு ஆய்வு சூடுபிடித்தது. 1986இல் கரையரிப்பு முகாமைத்துவத்துக்கான பெருந்திட்டம் வந்தது. இலங்கையின் கரையில் ஏறத்தாழப் பாதி ஆண்டுக்கு 0.3 முதல் 0.35 மீற்றர் வரை அரிக்கப்படுகிறது என்று அடிக்கடி எடுத்தாளப்படும் எண், வன்னியில் ஆள் இறங்கி அளந்து பெற்றது அல்ல. அதை அப்படியே இங்கே பொருத்துவது தவறு.

வானிலிருந்து

இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது செய்மதிப் படக் களஞ்சியம் ஒன்றே. கீழே யார் ஆண்டாலும் செய்மதி தன் நேரத்துக்குக் கடந்து போய்க்கொண்டிருந்தது. அமெரிக்காவின் லான்ட்சாட் வரிசை 1972இல் தொடங்கியது. முதற்கால உணரிகள் கரை அளக்கப் போதா. 1982 முதல் ஏவப்பட்டவற்றின் 30 மீற்றர் படப்புள்ளிகளே பயனுள்ள தொடக்கம். 2008இல் இக்களஞ்சியம் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 2015 முதல் ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் 10 மீற்றர் நுண்மையில் படம் தருகின்றன. 1960 முதல் 1972 வரை அமெரிக்கா உளவுக்காக எடுத்த கொரோனா படங்கள் 1995இல் வெளியிடப்பட்டன. அவை கிடைக்கும் இடங்களில் வான்படத்துக்கும் லான்ட்சாட்டுக்கும் நடுவே பாலமாக அமையும்.

நீர் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். காய்ந்த மணல் அதைத் திருப்பி அனுப்பும். பச்சை ஒளியையும் அகச்சிவப்பையும் ஒப்பிட்டு ஒவ்வொரு படப்புள்ளிக்கும் ஒரு சுட்டெண் கணித்தால் நீர் ஒருபுறமும் நிலம் ஒருபுறமும் பிரியும். எல்லைப் புள்ளியில் இரண்டும் கலந்திருப்பதால் சுட்டெண் இடைநடுவில் நிற்கும். அந்த இடைநிலை மதிப்பைக் கொண்டே புள்ளிக்குள் கோடு எங்கே ஓடுகிறது என்று கணிக்கலாம். 30 மீற்றர் படத்திலிருந்து 10 மீற்றர் அளவிலான துல்லியம் பெறுவது இவ்வாறுதான். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2019இல் வெளிவந்த கோஸ்ட்சாட் என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைத் தானாகவே செய்யும். கருமணல் கிடக்கும் கொக்கிளாய்ப் பக்கம் மட்டும் அதன் முடிவைக் கண்ணால் சரிபார்க்க வேண்டும். கரிய மணல் ஒளியைக் குறைவாகத் திருப்புவதால் மென்பொருளுக்கு அது ஈர மணலாகத் தோன்றக்கூடும்.

மேகம் இன்னொரு தொல்லை. கரை மிகவும் தேயும் மார்கழி, தை மாதங்களில் வன்னி வானம் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். தெளிவான படங்கள் மாசிக்குப் பிறகே, அதாவது கரை மீளத் தொடங்கியபின், குவிகின்றன. எல்லா ஆண்டுகளிலும் ஒரே பருவத்துப் படங்களை எடுத்துக்கொண்டால் இது குறையல்ல. ஓர் ஆண்டின் தை மாதப் படத்தையும் இன்னோர் ஆண்டின் ஆவணிப் படத்தையும் இணைத்து வீதம் கணிப்பதுதான் ஆபத்து. இரண்டே படங்களை வைத்து எழுதப்படும் ஆய்வுகளில் இந்தப் பிழை அடிக்கடி காணப்படுகிறது.

வீதமும் பிழையும்

கோடுகள் கிடைத்தபின், கரைக்குச் சமாந்தரமாக நிலத்தில் ஓர் ஆதாரக் கோடு வரைந்து, அதிலிருந்து 50 அல்லது 100 மீற்றருக்கு ஒன்றாகக் குறுக்குக்கோடுகள் கடலை நோக்கி நீட்டப்படும். ஒவ்வொரு குறுக்குக்கோட்டையும் ஒவ்வோர் ஆண்டின் கரைக்கோடு எங்கே வெட்டுகிறது என்பதே தரவு. அமெரிக்கப் புவியியல் அளவையகத்தின் கரைக்கோட்டுப் பகுப்பாய்வு மென்பொருள் உலகெங்கும் இதற்குப் பயன்படுகிறது. மிக எளிய கணக்கு, முதற்கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை ஆண்டுகளால் வகுப்பது.

இந்த எளிய கணக்கு எவ்வளவு பலவீனமானது என்பதை ஒரு சிறு கணக்கே காட்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் 10 மீற்றர் பிழை இருந்தால், இரண்டின் கூட்டுப் பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகையின் வர்க்கமூலம்; அதாவது 14 மீற்றர். பத்து ஆண்டு இடைவெளியில் அது ஆண்டுக்கு 1.4 மீற்றர் ஐயப்பாடு. முப்பது ஆண்டில்கூட 0.47 மீற்றர். நாடு முழுவதற்கும் சொல்லப்படும் 0.3 மீற்றர் அரிப்பு வன்னியில் உண்மையாகவே நடந்தாலும், முப்பது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு லான்ட்சாட் படங்களால் அதைக் காண முடியாது. அந்தப் படங்களிலிருந்து ‘அரிப்பு இல்லை’ என்று முடிவு செய்வதும் ‘அரிப்பு உண்டு’ என்று முடிவு செய்வதும் ஒரே அளவுக்கு ஆதாரமற்றவை.

இதற்கு மருந்து கூடுதலான படங்கள்தான். முப்பது ஆண்டுகளில் பரவிக் கிடக்கும் நூறு படங்களிலிருந்து நூறு புள்ளிகளை எடுத்து அவற்றினூடே நேர்கோடு பொருத்தினால், தனித்தனிப் பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்யும். அவை ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால் சரிவின் பிழை ஆண்டுக்கு 0.12 மீற்றர் அளவுக்கு இறங்கும். படத்தின் நுண்மை மாறவில்லை, செலவும் இல்லை. களஞ்சியத்தில் தூங்கும் படங்களைப் பயன்படுத்துவது மட்டுமே வேறுபாடு. 2018இல் வெளியான ஓர் உலகளாவிய ஆய்வு இவ்வாறே 1984 முதலான படங்களைத் திரட்டி, உலகின் மணற்கரைகளில் 24 சதவீதம் ஆண்டுக்கு 0.5 மீற்றருக்கு மேல் அரிவதாகவும் 28 சதவீதம் வளர்வதாகவும் கண்டது. மீதிப் பாதி அசையவில்லை. கடற்கரை எங்கும் அழிந்துகொண்டிருக்கிறது என்ற பொதுப்பேச்சு, அளந்து பார்த்தபோது நிலைக்கவில்லை.

நேர்கோட்டுக்கும் எல்லை உண்டு. ஆழிப்பேரலை ஒரு போக்கு அல்ல. ஒரு தனிப் பாய்ச்சல். 2004க்கு முன்னும் பின்னும் உள்ள புள்ளிகளை ஒரே கோட்டில் பொருத்தினால் ஒருநாள் அழிவு முப்பது ஆண்டு அரிப்பாக வேடம் போடும். அந்த நாளில் தொடரை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சரிவு காண்பதே முறை. 1964 மார்கழிப் புயலும், 2020 மார்கழியில் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் கரை கடந்த புரெவிப் புயலும் இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டிய நாள்களே. புயலுக்குப் பிந்திய இரண்டு மூன்று ஆண்டுகளில் கரை பழைய கோட்டுக்குத் திரும்பியிருந்தால் அதை அரிப்புக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

தொடுவாய்களின் சிக்கல்

வன்னிக் கரையின் தனித்தன்மை தொடுவாய்களில்தான் இருக்கிறது. வழமையான அளவைமுறை மிக மோசமாகத் தவறுவதும் அங்கேதான். கோடையில் களப்புக்கும் கடலுக்கும் இடையே அலை மணல் திட்டைக் கட்டி வாயை அடைத்துவிடும். மாரியில் களப்பு நிரம்பி, நீர் திட்டை உடைத்துக்கொண்டு பாயும். வயல்களும் குடிமனைகளும் மூழ்காதிருக்கவும் இறால், மீன் உட்புகவும் சில வேளைகளில் மக்களே வாயை வெட்டிவிடுவார்கள். வட்டுவாகலில் நந்திக்கடலின் வாயும் நாயாற்றின் வாயும் இவ்வாறு திறந்து மூடுகின்றன. ஒவ்வொரு முறையும் வாய் அதே இடத்தில் திறப்பதில்லை. வாயின் ஒரு பக்கத்தில் மணல் நாக்கு நீள, மறுபக்கக் கரை அரியும். சில ஆண்டுகளில் வாய் நூற்றுக்கணக்கான மீற்றர் நகரக்கூடும்.

அத்தகைய இடத்தில் குறுக்குக்கோடு சொல்லும் எண்ணுக்குப் பொருளே இல்லை. வாய் மூடியிருந்த ஆண்டில் அது வெளித்திட்டை வெட்டும். திறந்திருந்த ஆண்டில் களப்பின் உட்கரையைப் போய்த் தொடும். மென்பொருள் அதை நூறு மீற்றர் அரிப்பு என்று எழுதிவிடும். வண்ணம் தீட்டிய வரைபடத்தில் தொடுவாய்கள் செந்நிறத்தில் பளிச்சிடுவது பெரும்பாலும் இதனால்தான். இதைப் பார்த்து அங்கே கற்சுவர் கட்டுவது, இல்லாத நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்வது போலாகும்.

தொடுவாய்க்கு ஆண்டு வீதம் கணிக்கக் கூடாது. அதன் அலைவெளியை வரைய வேண்டும். கிடைக்கும் எல்லா ஆண்டுகளின் வாய்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, அவை தொட்ட இடம் முழுவதையும் ஒரு வெளிக்கோட்டால் சூழ்ந்தால், அந்தப் பரப்பே தொடுவாயின் உரிமை நிலம். அதற்குள் நிரந்தரக் கட்டடம் எழுப்பினால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு ஒன்றும் நேராமல் இருந்தாலும், அது பாதுகாப்பான இடமென்று பொருளாகாது. முல்லைத்தீவுக் கரையின் முகாமைத்துவத்தில் சராசரி வீதத்தைவிட இந்த வெளிக்கோடுகளே அதிகம் பயன்தரக்கூடியவை. வீதத்தைவிடக் குறைந்த தரவில் நம்பிக்கையாக வரையக்கூடியவையும் இவைதான்.

கிளிநொச்சியின் மேற்குக் கரையில் நிலைமை வேறு. பூநகரிப் பக்கத்துக் கடல் ஆழமற்றது. சேற்றுத்தரையும் கண்டலும் உள்ள இடங்களில் நீர் அரை மீற்றர் இறங்கினாலே நீர்க்கோடு வெகுதூரம் விலகும். அங்கே கண்டலின் வெளிவிளிம்பே அளக்கத் தகுந்த கோடு.

இரண்டு தடிகளும் ஒரு கயிறும்

கோடு எங்கே நகர்ந்தது என்பதைச் செய்மதி சொல்லும். எவ்வளவு மணல் போனது என்பதைச் சொல்லாது. நீர்க்கோடு நகராமலே கரைமேடு தாழ்ந்துபோகலாம். அடுத்த புயலுக்கு அக்கரை தாங்காது. அதற்குக் கரையின் குறுக்குவெட்டை நிலத்தில் அளக்க வேண்டும். செய்மதி வழிகாட்டலோடு இயங்கும் நுண்ணளவைக் கருவி சென்ரிமீற்றர் அளவில் உயரம் தரும். ஆளில்லா விமானம் ஒரு காலைப்பொழுதில் பல கிலோமீற்றரைப் படமெடுக்கும். இரண்டுக்கும் பணமும் அனுமதியும் வேண்டும்.

1961இல் அமெரிக்கக் கடலியலாளர் எமரி விவரித்த முறைக்கு இரண்டும் வேண்டியதில்லை. சம உயரமுள்ள, அளவு குறித்த இரண்டு தடிகளைக் குறித்த நீளக் கயிற்றால் இணைக்கிறார்கள். மேட்டில் நிற்பவர் கீழே உள்ள தடியின் உச்சியையும் தொடுவானத்தையும் ஒரே பார்வைக்கோட்டில் கொண்டுவந்து, அக்கோடு தன் தடியை வெட்டும் இடத்தைப் பார்ப்பார். தடியின் உச்சியிலிருந்து அதுவரை உள்ள தூரமே இரண்டு இடங்களின் உயர வேறுபாடு. இப்படி அடியடியாகக் கடல்வரை இறங்கினால் குறுக்குவெட்டுக் கிடைத்துவிடும். தொடுவானம் தடையின்றித் தெரியும் முல்லைத்தீவுக் கரைக்கு இது மிகவும் பொருந்தும். கரைவலைப்பாடுகளின் எல்லை எது, எந்தப் பாட்டில் வலை இழுக்க முன்போல இடமில்லை, எந்த வாடியை எத்தனை முறை பின்னால் நகர்த்தினார்கள் என்பது கடற்றொழிலாளருக்கு ஏற்கனவே தெரியும். அந்த அறிவு ஆண்டு குறித்துப் பதியப்பட்டால் செய்மதித் தொடரைச் சரிபார்க்கும் சான்றாகும். கடற்றொழிலாளர் சங்கமோ உயர்தர மாணவரோ இந்த வேலையைச் செய்ய முடியும். குறுக்குவெட்டு தொடங்கும் புள்ளி இடம் மாறாமல் இருப்பது மட்டுமே கட்டாயம்.

எண்ணிலிருந்து எல்லைக்கு

இலங்கையில் கரையோரத்தை ஆளும் சட்டம் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம். 2011இல் திருத்தப்பட்டுக் கரையோர மூலவள முகாமைத்துவமும் அதில் சேர்க்கப்பட்டது. சராசரி உயர்நீர்க்கோட்டிலிருந்து நிலத்தின் பக்கம் 300 மீற்றரும், சராசரித் தாழ்நீர்க்கோட்டிலிருந்து கடலின் பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு இணைந்த களப்புகளிலும் ஆறுகளிலும் அது உள்நோக்கி 2 கிலோமீற்றர் வரை நீளும். இந்த வலயத்துக்குள் கட்டடம் எவ்வளவு பின்தள்ளி நிற்க வேண்டும் என்பதை முகாமைத்துவத் திட்டம் கரைக்குக் கரை வகுக்கிறது.

அளவை இல்லாமல் எல்லை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2005 ஓர் உதாரணம். ஆழிப்பேரலைக்குப் பிறகு அரசு தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் என்று கட்டடத் தடை வலயம் அறிவித்தது. மேடும் பள்ளமும், திட்டியுள்ள கரையும் இல்லாத கரையும் ஒரே அளவுகோலில் அகப்பட்டன. வீடிழந்த கடற்றொழிலாளர் படகிலிருந்தும் வலையிலிருந்தும் விலகிக் குடியேற வேண்டியதாயிற்று. வடகிழக்குக்கு மட்டும் இரட்டிப்புத் தூரம் ஏன் என்ற கேள்வி தீரவில்லை. பின்னர் அந்தத் தடை தளர்த்தப்பட்டது.

அளந்த எண்ணிலிருந்து எல்லை வகுப்பது கடினமான கணக்கல்ல. ஆண்டு வீதத்தைக் கட்டடத்தின் ஆயுளால் பெருக்கி, ஒரு பெரும்புயல் ஒருமுறையில் தின்னக்கூடிய அகலத்தைக் கூட்டி, வீதத்தின் பிழையையும் ஆயுளால் பெருக்கிச் சேர்ப்பார்கள். உதாரணமாக 0.3 மீற்றர் வீதமும் 50 ஆண்டு ஆயுளும் 15 மீற்றர் தரும், புயலுக்கு 15, பிழை 0.12 என்றால் இன்னும் 6. மொத்தம் 36 மீற்றர். இரண்டு படக் கணக்கின் 0.47 பிழையோடு அதே கரைக்கு 53 மீற்றருக்கு மேல் வரும். அளவையில் விட்ட குறை கடற்றொழிலாளரின் காணியிலிருந்தே கழிக்கப்படுகிறது.

கடல்மட்ட உயர்வையும் இதில் சேர்க்க வேண்டும். உலகச் சராசரிக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் உயர்ந்தது. டென்மார்க்கில் பிறந்த பொறியியலாளர் பேர் புரூன் வகுத்த விதிப்படி, கரை பின்வாங்கும் அளவு கடல்மட்ட உயர்வின் 50 முதல் 100 மடங்கு. அதாவது ஆண்டுக்கு 18.5 முதல் 37 சென்ரிமீற்றர். ஆனால் இந்த விதி மணல் வரவுசெலவு சமநிலையில் உள்ள நேரான கரைக்கு வகுத்தது. பின்னால் களப்பு உள்ள மணல் தடுப்பு இதன்படி நடப்பதில்லை. புயல் அலை மேலேறி மணலைக் களப்புக்குள் கொட்ட, தடுப்பு முழுவதுமாக நிலத்தை நோக்கி உருண்டு நகரும். வன்னிக் கரைக்கு விதியை எடுத்தாள்வோர் அதை ஒரு பருமட்டான எண்ணாகவே கொள்ள வேண்டும்.

கடலுக்குள் கல் போடுவதற்கு முன் நிகர மணல் நகர்வு எந்தத் திசையில் என்பது தெரிந்திருக்க வேண்டும். அம்பாறை மாவட்டத்தின் ஒலுவில் துறைமுகம் 2013இல் திறக்கப்பட்டது. அதன் அலைதடுப்புகள் வடக்கே போகும் மணலை மறித்தன. துறைமுக வாய் மணலால் மூட, வடக்கே ஒலுவிலும் நிந்தவூரும் நிலம் இழந்தன. சென்னையில் துறைமுகச் சுவர் எழுந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே இராயபுரம் தேய்ந்ததும் இதே கதை. வன்னியில் காற்றுக்கேற்பத் திசை மாறும் நகர்வைச் சில ஆண்டுகளாவது அளக்காமல் ஒரு மீன்பிடித் துறையின் அணைகூட வரையப்படக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் தேவையான அளவை ஒழுங்கு இதுதான்: ஆண்டுக்கு இருமுறை, வாடை ஓய்ந்த பங்குனியிலும் மாரி தொடங்குமுன் புரட்டாதியிலும், சாலை முதல் கொக்கிளாய் வரை நிலையான புள்ளிகளில் குறுக்குவெட்டு எடுப்பது. பெரும்புயலுக்குப் பின் ஒரு மாதத்துக்குள் இன்னொரு முறை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்மதித் தொடரை மீளப் பொருத்தி வீதத்தையும் தொடுவாய் வெளிக்கோடுகளையும் திருத்துவது. கட்டட எல்லைகள் அந்தத் திருத்தத்தோடு மாற வேண்டும். அளவைப் பதிவுகள் பிரதேச செயலகத்திலும் பாடசாலையிலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் தனித்தனிப் பிரதியாக இருப்பது நல்லது. இந்தக் கரையில் ஒரே இடத்தில் வைத்த பதிவுகள் தப்பியது குறைவு.